அறுபத்தைந்து வயது வேலி

அமெரிக்க மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள் சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் ஆயிரக்கணக்கில் இருக்கிறோம். ஒஹையோவில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தால், அந்த பில் ஒரு கிளெய்மாக மாறி, எங்களைப் போன்றவர்கள் எழுதிய கோடுக்குள் ஓடி, பணம் கொடுக்கலாமா கூடாதா என்ற முடிவோடு வெளியே வரும். வேலையில் சேர்ந்த முதல் வருடம் எனக்குக் கொடுத்தது ஒரே ஒரு நிபந்தனையைச் சோதிக்கிற வேலை. இந்த உறுப்பினருக்கு 65 வயது ஆகிவிட்டதா?

கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது, இல்லையா? அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு 65 வயது நிறைகிற மாதத்தின் முதல் தேதியில் தொடங்கும். மார்ச் 20 பிறந்தவருக்கு மார்ச் 1. மார்ச் 2 பிறந்தவருக்கும் மார்ச் 1. ஆனால் மார்ச் 1 அன்றே பிறந்தவருக்கு பிப்ரவரி 1. பிறந்தநாளுக்கு முந்தைய நாளே ஒருவர் அந்த வயதை எட்டிவிடுகிறார் என்பது பழைய ஆங்கிலேயப் பொதுச்சட்ட மரபு. அது இன்றைக்கும் எங்கள் கோடுக்குள் உயிரோடு இருக்கிறது. ஒரு நாள் முந்திப் பிறந்தவருக்கு ஒரு மாதக் காப்பீடு கூடுதல்.

65 தவிர உள்ளே வர முக்கியமாக இன்னும் இரண்டு வழிகள் உண்டு. உடல் ஊனத்தால் வேலை செய்ய முடியாமல் அரசின் உதவித்தொகையை 24 மாதம் வாங்கியிருக்க வேண்டும். அல்லது சிறுநீரகம் முழுதாகச் செயலிழந்திருக்க வேண்டும். சிறுநீரகம் போனால் நாற்பது வயதிலும் அரசுக் காப்பீடு உண்டு. கல்லீரல் போனால் கிடையாது. ஏன் என்று ரிக்வயர்மென்ட் ஆவணத்தில் எழுதியிருக்க மாட்டார்கள். கிளையன்ட்டைக் கேட்டால், சட்டம் அப்படி என்பார்கள்.

அந்த 'ஏன்' என்னை நூலகம் நூலகமாக இழுத்துக்கொண்டு போனது. அமெரிக்காவில் அரசு மருத்துவக் காப்பீடு என்றாலே ஏன் அத்தனை ரகளை, உலகத்திலேயே மருத்துவத்துக்கு அதிகம் செலவழிக்கிற நாட்டில் ஏன் இன்னும் கோடிக்கணக்கானவர்களுக்குக் காப்பீடே இல்லை என்ற பெரிய கேள்விகளுக்குக்கூட இந்தச் சின்ன எண்ணின் வழியாகப் போனால் ஒரு பதில் கிடைக்கிறது.

முதலில் ஒரு புரளியைத் தள்ளிவைத்துவிடலாம். 65 என்ற வயதை ஜெர்மனியின் பிஸ்மார்க் முடிவு செய்தார் என்று ஒரு கதை இணையம் முழுக்கச் சுற்றுகிறது. பிஸ்மார்க் காலத்தில், 1889-இல், ஜெர்மனி கொண்டுவந்த முதியோர் ஓய்வூதியத்துக்கு வயது 70. அதை 65 ஆக்கியது 1916-இல். அப்போது அவர் செத்துப் பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. அமெரிக்கா 1935-இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இயற்றி ஓய்வூதியம் தொடங்கியபோது, அங்கே ஏற்கெனவே மாநிலங்களில் இருந்த ஓய்வூதியங்கள் 65, 70 என்று இருந்தன. கணக்குப் போட்டுப் பார்த்து 65-ஐ எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சட்டத்தில் மருத்துவக் காப்பீட்டையும் சேர்க்கலாம் என்று ரூஸ்வெல்ட்டின் ஆட்கள் நினைத்தார்கள். டாக்டர்கள் கொதித்து எழுந்தால் ஓய்வூதியமும் சேர்ந்து கவிழ்ந்துவிடும் என்று பயந்து அதைக் கைவிட்டார்கள். டாக்டர்களுக்குப் பயந்து பின்வாங்கியது அதுதான் கடைசி என்று நினைத்துவிட வேண்டாம்.

அந்த இடைவெளியில் தனியார் காப்பீடு வளர்ந்தது. 1929-இல் டெக்சஸ் மாநிலம் டல்லஸில் பேய்லர் ஆஸ்பத்திரி, பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தது. மாதம் 50 சென்ட் கட்டினால் வருடத்துக்கு 21 நாள் ஆஸ்பத்திரி வாசம் இலவசம். புளூ கிராஸ் என்று பின்னால் நாடு முழுக்கப் பரவியதன் விதை இது. இரண்டாம் உலகப்போர் வந்தது. விலைவாசி ஏறாமல் இருக்க 1942-இல் சம்பள உயர்வுக்கு அரசு கடிவாளம் போட்டது. ஆட்கள் கிடைக்காத காலம், சம்பளத்தையும் கூட்டிக் கொடுக்க முடியாது. முதலாளிகள் என்ன செய்வார்கள்? சம்பளக் கட்டுப்பாட்டுக்குள் வராத காப்பீட்டைக் கொடுத்து ஆள் பிடித்தார்கள். கம்பெனி கட்டும் ப்ரீமியத்துக்குத் தொழிலாளி வரி கட்ட வேண்டியதில்லை என்பதை 1954-இன் வரிச்சட்டம் உறுதிப்படுத்தியது. உட்கார்ந்து யோசித்து யாரும் வடிவமைத்தது இல்லை இது. போர்க்காலத்தில் போட்ட ஒட்டு. எங்கள் தொழிலில் இதற்கு 'ஒர்க்அரவுண்ட்' என்று பெயர். தற்காலிகம் என்று சொல்லிப் போட்டது முப்பது வருடம் ஓடும்.

அந்த ஒட்டு நன்றாகவே வேலை செய்தது என்பதுதான் சிக்கல். வேலையில் இருப்பவனுக்குக் காப்பீடு கிடைத்துவிட்டது. அரசுக் காப்பீடு வேண்டும் என்று தெருவில் இறங்கியிருக்கக்கூடிய தொழிற்சங்கத்துக்காரர்கள், கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு அதை வாங்கிக்கொண்டார்கள். வெளியே நின்றவர்கள் வேலையற்றவர்கள், சின்னக் கடைகளில் வேலை பார்ப்பவர்கள், பிறகு ஓய்வுபெற்ற கிழவர்கள்.

எல்லோருக்குமான காப்பீட்டை வெளிப்படையாகக் கேட்ட முதல் அதிபர் ட்ரூமன். 1945 நவம்பர் 19 அன்று நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தியில், போருக்கு ஆள் எடுக்கும்போது கிட்டத்தட்ட 50 லட்சம் இளைஞர்கள் உடல் தகுதியில்லை என்று தள்ளப்பட்டதைச் சுட்டிக்காட்டினார். சமூகப் பாதுகாப்பு வரியைப் போலவே ஒரு நிதி, எல்லோருக்கும் காப்பீடு. 1948 தேர்தலில் அவர் ஜெயித்ததும் அமெரிக்க மருத்துவர் சங்கமான ஏ.எம்.ஏ.வுக்குக் கிலி பிடித்தது. ஒவ்வொரு உறுப்பினரிடமும் 25 டாலர் வசூலித்து கலிபோர்னியாவிலிருந்து ஒரு தம்பதியை வேலைக்கு அமர்த்தியது.

கிளெம் விட்டேக்கர், லியோனி பாக்ஸ்டர். அரசியல் பிரசாரத்தையே தொழிலாக வைத்து நடத்திய முதல் நிறுவனம் இவர்களுடையது என்று சொல்வார்கள். இன்றைக்கு நம் ஊரில் தேர்தலுக்குத் தேர்தல் வந்து இறங்குகிற 'வியூக வகுப்பாளர்'களுக்கெல்லாம் தாத்தா பாட்டி. இதற்கு முன்பே 1945-இல், கலிபோர்னியா ஆளுநர் ஏர்ல் வாரன் (அவர் குடியரசுக் கட்சிக்காரர் என்பதைக் கவனிக்க வேண்டும்) கொண்டுவந்த மாநிலக் காப்பீட்டுத் திட்டத்தைக் கவிழ்த்துக் காட்டியவர்கள். அவர்கள் கண்டுபிடித்த ஆயுதம் ஒரு ஓவியம். லூக் ஃபைல்ட்ஸ் 1891-இல் வரைந்த 'தி டாக்டர்': ஏழை வீடு, நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டுக் கிடத்தியிருக்கும் நோயாளிக் குழந்தை, கன்னத்தில் கை வைத்துக் குனிந்து பார்க்கிற டாக்டர், இருட்டில் அப்பா அம்மா. இந்தப் படத்தை அச்சடித்து, இதற்குள் அரசியலைக் கொண்டுவராதீர்கள் என்று வாசகம் போட்டு, நாடு முழுவதும் டாக்டர்களின் காத்திருப்பு அறைகளில் மாட்டினார்கள். காய்ச்சலோடு உட்கார்ந்திருப்பவன் வேறு எதைப் பார்ப்பான்?

பொது மருத்துவம்தான் சோஷலிச அரசின் ஆதாரக்கல் என்று லெனின் சொன்னதாக ஒரு வாக்கியத்தையும் துண்டறிக்கையில் போட்டார்கள். நாடாளுமன்ற நூலகத்தில் தேடச் சொன்னபோது, லெனின் எழுதியவற்றில் அப்படி ஒரு வரியே அகப்படவில்லை. அப்துல் கலாம் சொன்னதாகத் தினமும் வாட்ஸ்அப்பில் வருகிற வாக்கியங்களைப் படித்து வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை.

பிரசாரத்தால் மட்டும் ட்ரூமன் தோற்கவில்லை. அவர் கட்சியின் தென்மாநில உறுப்பினர்களே அவரோடு இல்லை. மத்திய அரசின் பணம் ஆஸ்பத்திரிக்குள் வந்தால் பின்னாலேயே மத்திய அரசின் சட்டமும் வரும், கறுப்பர்களையும் வெள்ளையர்களையும் ஒரே வார்டில் படுக்க வைக்கச் சொல்லும் என்று அவர்களுக்குப் பயம். (அந்தப் பயம் மட்டும் பலித்தது. பிறகு சொல்கிறேன்.)

இங்கேதான் 65 வருகிறது. தோற்ற அணியில் மூன்று பேர், ஆஸ்கர் யூயிங், வில்பர் கோஹன், ஐ.எஸ். ஃபாக், உட்கார்ந்து யோசித்தார்கள். எல்லோருக்கும் என்று கேட்டால் கிடைக்காது. யாருக்குக் கேட்டால் யாராலும் மறுக்க முடியாது? கிழவர்களுக்கு. அவர்களுக்கு நோய் அதிகம், வருமானம் குறைவு. தனியார் கம்பெனிகளுக்கு அவர்கள் வேண்டவே வேண்டாம். மெடிகேருக்கு முன்பு 65 தாண்டியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆஸ்பத்திரிக் காப்பீடு கிடையாது. எல்லாவற்றையும்விட முக்கியம், அவர்களைச் சோம்பேறிகள் என்று யாரும் சொல்ல முடியாது. வாழ்நாள் முழுக்க உழைத்து வரி கட்டியவர்கள். ஓய்வூதியப் பட்டியலில் அவர்கள் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பட்டியல் 65-இல் தொடங்குகிறது. அவ்வளவுதான். 1935-இன் எண்ணை அப்படியே எடுத்து ஒட்டிக்கொண்டார்கள்.

கிழவர்கள் முதல் படி, அடுத்தது குழந்தைகள், பிறகு எல்லோரும் என்பது அவர்கள் திட்டம். எதிரிகளும் அப்படியே நம்பினார்கள். இது ஒட்டகம் கூடாரத்துக்குள் மூக்கை நீட்டுகிற கதை என்று ஏ.எம்.ஏ. அலறியது. 1961-இல் ஒரு நடிகரைப் பிடித்து எல்.பி. ரெக்கார்டு ஒன்று போட்டார்கள். டாக்டர்களின் மனைவியர் பக்கத்து வீட்டுப் பெண்களைக் காபிக்கு அழைப்பார்கள், ரெக்கார்டைப் போடுவார்கள், கேட்டு முடித்ததும் எல்லோரும் உட்கார்ந்து தொகுதி உறுப்பினருக்குக் கடிதம் எழுதுவார்கள், தானாகத் தோன்றி எழுதியதுபோல. 'ஆபரேஷன் காபி கப்' என்று அதற்குப் பெயர். ரெக்கார்டில் பேசியவர் ரொனால்ட் ரீகன். இந்த ஒன்றை விட்டால் அடுத்தடுத்து எல்லாம் வரும், ஒருநாள் அமெரிக்காவில் மனிதர்கள் சுதந்திரமாக இருந்த காலத்தைப் பற்றி நம் பேரப்பிள்ளைகளுக்குக் கதைதான் சொல்ல வேண்டியிருக்கும் என்பது அவர் வாதம். இருபது வருடம் கழித்து அவரே அதிபர் ஆனார். அவர் ஆட்சியிலும் மெடிகேர் இருந்தது.

கென்னடி முயன்றார். 1962 மே 20 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நிரம்பி வழிந்த கூட்டத்தில், தொலைக்காட்சி நேரலையில் பேசினார். கூட்டம் கலைந்த பிறகு ஏ.எம்.ஏ. அதே அரங்கை வாடகைக்கு எடுத்தது. காலி நாற்காலிகளுக்கும் தரையில் கிடந்த குப்பைக்கும் நடுவே எட்வர்ட் ஆன்னிஸ் என்ற டாக்டர் தனியாக நின்று கேமராவைப் பார்த்துப் பேசினார். மறுநாள் இரவு அது ஒளிபரப்பானது. கென்னடி கூட்டத்தைப் பார்த்துக் கத்தியிருந்தார். ஆன்னிஸ் வீட்டில் இருப்பவனைப் பார்த்துப் பேசினார். ஜூலையில் செனட்டில் மசோதா 52-க்கு 48 என்று தோற்றது. அதிபரையே ஒரு டாக்டர் காலி அரங்கில் நின்று ஜெயித்துவிட்டார் என்று சொல்லலாம்.

கென்னடி கொலை, 1964-இல் லிண்டன் ஜான்சனின் அசுர வெற்றி. கணக்கு மாறிவிட்டது. ஆனாலும் மசோதாவின் சாவி ஒரே ஒருவரிடம் இருந்தது: வரிவிதிப்புக் குழுவின் தலைவர், ஆர்கன்சாவைச் சேர்ந்த வில்பர் மில்ஸ். மேஜையில் மூன்று யோசனைகள் கிடந்தன. ஜான்சன் கேட்டது வரிப்பணத்தில் கட்டாய ஆஸ்பத்திரிக் காப்பீடு. குடியரசுக் கட்சி முன்வைத்தது, விரும்புகிறவர் ப்ரீமியம் கட்டிச் சேரும் டாக்டர் ஃபீஸ் காப்பீடு. ஏ.எம்.ஏ. முன்வைத்தது ஏழைகளுக்கு மாநிலங்கள் மூலம் உதவி. மூன்றும் ஒன்றுக்கொன்று போட்டி என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1965 மார்ச் மாதம் ஒருநாள் குழுக் கூட்டத்தில் மில்ஸ், மூன்றையும் ஒன்றாக்கிவிடலாமே என்றார். அறையிலிருந்த அரசுத் தரப்பு ஆட்களே திகைத்துப்போனார்கள். முதலாவது மெடிகேர் 'ஏ' ஆனது, இரண்டாவது மாதம் 3 டாலர் ப்ரீமியத்தில் மெடிகேர் 'பி' ஆனது, மூன்றாவது மெடிகெய்டு. ஆளுக்கு ஒரு மூலையில் இழுத்தவர்களின் துணிகளையெல்லாம் சேர்த்துத் தைத்த சட்டை. இன்று மெடிகேரைப் படிக்கிறவர்களுக்கு வரும் தலைவலியில் பாதி மில்ஸின் அந்த ஒருநாள் சாமர்த்தியத்தால் வருவது.

1965 ஜூலை 30. ஜான்சன் வாஷிங்டனில் கையெழுத்துப் போடவில்லை. மிசூரி மாநிலம் இண்டிபெண்டன்ஸ் ஊருக்குப் பறந்துபோய், 81 வயது ட்ரூமனின் பக்கத்தில் உட்கார்ந்து போட்டார். முதல் மெடிகேர் அட்டை ட்ரூமனுக்கு. எல்லோருக்கும் கேட்டவருக்கு, அவர் வயதுக்காரர்களுக்கு மட்டுமான அட்டை.

எதிர்ப்பாளர்களைச் சமாதானப்படுத்தக் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். மருத்துவம் நடக்கும் விதத்தில் மத்திய அரசு தலையிடாது என்று சட்டத்தின் முதல் பிரிவிலேயே எழுதிக் கொடுத்தார்கள். டாக்டர்கள் வழக்கமாக வாங்கும் ஃபீஸ், ஆஸ்பத்திரிகளுக்கு ஆன செலவு, இரண்டும் அப்படியே கிடைக்கும். கிளெய்ம்களைப் பரிசீலித்துப் பணம் கொடுக்கும் வேலையை அரசு தானே செய்யாமல் புளூ கிராஸ் போன்ற நிறுவனங்களிடம் ஒப்படைத்தது. 1948-இல் பிரிட்டன் தொடங்கிய தேசிய மருத்துவ சேவையில் ஆஸ்பத்திரியே அரசுடையது. அமெரிக்காவில் 'அரசு நடத்தும் காப்பீடு' என்று திட்டுவதும் கொண்டாடுவதும் இந்த ஏற்பாட்டைத்தான்: அரசுக்குப் பணப்பை மட்டும் சொந்தம், முன்வாசலில் வேறு கம்பெனியின் போர்டு தொங்கும். பின்னால் நடந்த பல விசித்திரங்களுக்கு இது காரணம்.

புறக்கணிப்போம் என்று மிரட்டிய டாக்டர்கள் புறக்கணிக்கவில்லை. அவர்கள் வருமானம் ஏறியது. 1966 ஜூலை 1 அன்று சுமார் 1 கோடியே 90 லட்சம் பேர் ஒரே நாளில் காப்பீட்டுக்குள் வந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் கலவரம் வரும் என்று பயந்தார்கள், வரவில்லை. வந்தது வேறு. கறுப்பர்களைத் தனி வார்டில் வைக்கும் எந்த ஆஸ்பத்திரிக்கும் மெடிகேர் பணம் கிடையாது என்று அரசு சொல்லிவிட்டது. ஆய்வாளர்கள் ஊர் ஊராகப் போய்ப் பார்த்தார்கள். நான்கு மாதத்துக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆஸ்பத்திரிகள் பிரிவினைச் சுவரை இடித்தன. பள்ளிக்கூடங்களில் நீதிமன்றம் பத்து வருடம் போராடியும் முழுதாக நடக்காதது, பணப்பையின் வாயை இறுக்கிப் பிடித்ததும் நடந்தது. தென்மாநில உறுப்பினர்கள் ட்ரூமன் காலத்தில் பயந்தது நூற்றுக்கு நூறு சரி. மெடிகேரின் ஆகப்பெரிய சாதனை எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன், அதன் விளம்பரங்களில் இது வருவதே இல்லை என்றாலும்.

நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதே 1965 அக்டோபரில் குடியேற்றச் சட்டமும் திருத்தப்பட்டது. மெடிகேர் ஆஸ்பத்திரிகளுக்குப் பணத்தைக் கொட்டியது, பயிற்சி மருத்துவர்களின் சம்பளத்துக்கும் கொடுத்தது; டாக்டர்கள் போதவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியிலும் ஸ்டான்லியிலும் படித்துவிட்டுக் கப்பலோ விமானமோ ஏறியவர்கள் போய்ச் சேர்ந்தது இந்த இடத்துக்குத்தான். எங்கள் தலைமுறை மென்பொருள்காரர்களுக்கு முன்பே அந்த வாசலில் போய் நின்ற தமிழர்கள் அவர்கள்.

இப்போது சிறுநீரகம். 1960-இல் சியாட்டிலில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்ற டாக்டர், கையில் நிரந்தரமாகப் பொருத்தும் டெஃப்லான் குழாய் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதற்கு முன் டயாலிசிஸ் சில தடவைகள்தான் செய்ய முடியும். இப்போது வருடக்கணக்கில் செய்யலாம். ஆனால் இயந்திரங்கள் சில, நோயாளிகள் ஏராளம். யாருக்குக் கொடுப்பது? ஊர்க்காரர்கள் ஏழு பேர் கொண்ட ஒரு குழுவை அமைத்தார்கள். வயது, வருமானம், குடும்பம், தேவாலயத்துக்குப் போகிறவரா என்றெல்லாம் பார்த்து, யார் வாழலாம் என்று அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 1962-இல் 'லைஃப்' பத்திரிகை இதை எழுதியதும் நாடே அதிர்ந்தது. அந்தக் குழுவைத் திட்டுவது சுலபம். அந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்தால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பேன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். பதில் இல்லை.

1971 நவம்பரில் வில்பர் மில்ஸின் குழு முன்னால் ஷெப் கிளேசர் என்ற நோயாளி சாட்சி சொல்ல வந்தார். வரும்போது இயந்திரத்தையும் கொண்டுவந்தார். உறுப்பினர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அந்த அறையிலேயே அவருக்கு டயாலிசிஸ் நடந்தது. அடுத்த வருடம் செப்டம்பர் 30, ஒரு சனிக்கிழமை, செனட் சுமார் அரைமணி நேரம் விவாதித்து, 52-க்கு 3 என்று சிறுநீரக நோயாளிகளை வயது பார்க்காமல் மெடிகேரில் சேர்த்தது. உடல் ஊனத்தால் வேலை இழந்தவர்களும் அதே 1972 சட்டத்தில் உள்ளே வந்தார்கள். எங்கள் கோடில் இருக்கும் இன்னொரு 'இஃப்' எங்கிருந்து வந்தது என்று எனக்கு அன்றுதான் புரிந்தது. கல்லீரல்காரருக்கு அந்த அறைக்குள் கொண்டுபோய்க் காட்ட ஓர் இயந்திரம் இல்லை.

தேசியக் காப்பீடு எப்படியும் சீக்கிரம் வந்துவிடும், அதுவரை இவர்களைக் காப்பாற்றி வைப்போம் என்று அன்று ஓட்டுப் போட்டவர்கள் பலர் நினைத்தார்கள். வரவில்லை. 65 என்ற எண் அதற்குப் பிறகு ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை. கோஹன் தரப்பும் ரீகன் தரப்பும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போயிருந்தார்கள்: இது முதல் படி. இரண்டு தரப்பின் கணிப்பும் பொய்த்தது. ஏனென்றால் ஓட்டுப் போடத் தவறாத, நோய் அதிகமுள்ள, எல்லோருடைய அனுதாபத்துக்கும் உரிய கூட்டம் எதுவோ, அதற்கு முதலிலேயே கொடுத்து அனுப்பியாகிவிட்டது. அவர்கள் இல்லாமல் மிச்சமிருப்பவர்களுக்காக யார் சத்தம் போடுவார்கள்? வேலையில் இருப்பவனுக்குக் கம்பெனிக் காப்பீடு, கிழவனுக்கு மெடிகேர், பரம ஏழைக்கு மெடிகெய்டு. ஆளாளுக்கு இழக்க ஏதோ ஒன்று கையில் இருக்கிறது.

1993-இல் கிளின்டன் 1,342 பக்க மசோதாவோடு வந்து அந்த இழப்பு பயத்தில் முட்டிக்கொண்டார். (நாடாளுமன்றத்தில் அதை அறிவித்த இரவு டெலிபிராம்ப்டரில் பழைய உரையை ஏற்றிவிட்டார்கள், சில நிமிடங்கள் மனப்பாடமாகவே பேசிச் சமாளித்தார். ரிலீஸ் இரவுகளைப் பார்த்தவர்களுக்கு அந்த வயிற்றுக் கலக்கம் தெரியும்.) காப்பீட்டு நிறுவனங்கள் ஹாரி, லூயிஸ் என்று ஒரு நடுத்தரக் குடும்பத் தம்பதியைச் சமையலறை மேஜையில் உட்காரவைத்துக் கவலைப்பட வைத்தன. மசோதா ஓட்டெடுப்புக்கே வராமல் செத்தது.

2009 வேறு மாதிரி. ஒபாமாவின் சீர்திருத்தத்தில் தனியார் காப்பீடு வாங்கும் சந்தையில், அரசும் ஒரு காப்பீட்டைக் கடைவிரிக்கட்டும் என்பது 'பப்ளிக் ஆப்ஷன்'. யாரையும் கட்டாயப்படுத்தாது, வேண்டுமானால் வாங்கலாம். அந்தக் கோடையில் தெற்கு கரோலினா மாநிலம் சிம்ப்சன்வில்லில் நடந்த கூட்டத்தில் ஒருவர் எழுந்து, என் மெடிகேர் மீது அரசாங்கம் கை வைக்கக்கூடாது என்று சொன்னார். உங்கள் காப்பீட்டைக் கொடுப்பதே அரசாங்கம்தான் ஐயா என்று அந்தத் தொகுதியின் குடியரசுக் கட்சி உறுப்பினர் பாப் இங்லிஸ் விளக்கிப் பார்த்தார், அவர் ஏற்கவில்லை. உலகமே சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சம்பளத்தில் நாற்பது வருடம் பிடித்தார்கள். பணம் கட்டி வாங்கிய பொருள், அதனால் அது அவருடையது. அப்படி நினைக்க வைக்கத்தான் அந்த வரியையே வடிவமைத்தார்கள். அரசின் முகம் தெரியாமல் இருக்க கிளெய்ம் வேலையைப் புளூ கிராஸிடம் கொடுத்தார்கள். 1965-இன் சமரசங்கள் எல்லாம் திட்டமிட்டபடி வேலை செய்த விளைவு அந்த மனிதர். பயத்துக்குக் காரணமும் இருந்தது. புதியவர்களைச் சேர்க்க ஆகும் செலவில் ஒரு பகுதியை, மெடிகேர் செலவின் வளர்ச்சியைக் குறைத்து எடுப்பதாகத்தான் மசோதா சொன்னது. 2010 தேர்தலில் அதையே விளம்பரமாக்கினார்கள். முதியவர்கள் பெரிய வித்தியாசத்தில் குடியரசுக் கட்சிக்கு ஓட்டுப் போட்டார்கள். அரசுக் காப்பீட்டை விரிவாக்கும் சட்டத்துக்கு எதிராக, அரசுக் காப்பீட்டில் இருப்பவர்கள்.

பப்ளிக் ஆப்ஷன் கீழவையில் 220-க்கு 215 என்று நவம்பர் 7-இல் தேறியது. செனட்டில் 60 ஓட்டு வேண்டும், 60 கிடைக்கவில்லை. டிசம்பர் 8 அன்று ஒரு மாற்று யோசனை வந்தது: பப்ளிக் ஆப்ஷன் வேண்டாம், 55 வயதானவர்கள் பணம் கட்டி மெடிகேரில் சேரட்டும். நாற்பது வருடம் கழித்து வேலியை நகர்த்த ஒருவர் கை வைத்தார்கள் என்றால் அந்த வாரம்தான். ஆஸ்பத்திரிகளும் ஏ.எம்.ஏ.வும் உடனே எதிர்த்தன. தனியார் காப்பீட்டைவிட மெடிகேர் குறைவாகத்தான் கொடுக்கும். டிசம்பர் 13, ஞாயிறு காலை, செனட்டர் ஜோ லீபர்மன் தொலைக்காட்சியில் இதற்கு என் ஓட்டு கிடையாது என்றார். காப்பீட்டுக் கம்பெனிகளின் தலைநகரான ஹார்ட்ஃபோர்ட் அவருடைய கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கிறது. 2000-இல் துணை அதிபர் வேட்பாளராக நின்றபோது இதே போன்ற யோசனையை அவரே ஆதரித்திருந்தார். 60-இல் ஒன்று குறைந்தால் எதுவும் இல்லை. மறுநாளே கைவிட்டார்கள். ஆறு நாள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் காலை 60-க்கு 39 என்று செனட் மசோதாவை நிறைவேற்றியது, அரசுக் காப்பீடு இல்லாமல்.

அந்தச் சட்டம் கோடிக்கணக்கானவர்களுக்குக் காப்பீடு கொடுத்தது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2017-இல் அதை ஒழிக்க வந்தபோது ஜான் மெக்கெய்ன் நள்ளிரவு தாண்டி கட்டைவிரலைக் கீழே காட்டி 51-க்கு 49 என்று காப்பாற்றியதும், அதற்குள் அதில் இருந்தவர்கள் இழக்கப் பயந்ததால் எழுந்த எதிர்ப்பின் பலத்தில்தான். கொடுக்க விடாமல் தடுக்கிற பயம், கொடுத்த பிறகு பறிக்கவும் விடாது.

வேலிக்கு உள்ளேயும் எல்லாம் அப்படியே இல்லை. மெடிகேர்காரர்கள் தங்கள் காப்பீட்டைத் தனியார் நிறுவனம் மூலம் பெறும் 'மெடிகேர் அட்வான்டேஜ்' 2003 சட்டத்துக்குப் பிறகு வேகமாக வளர்ந்தது. 2023-இல் தகுதியுள்ளவர்களில் பாதிக்கு மேல் அதில்தான் இருந்தார்கள். தலைக்கு இவ்வளவு என்று அரசு கம்பெனிக்குக் கொடுக்கும், எந்தச் சிகிச்சைக்கு முன் அனுமதி வாங்க வேண்டும் என்பதைக் கம்பெனி முடிவு செய்யும். என் மெடிகேர் மீது கை வைக்காதே என்றவரின் மெடிகேரில் இன்று யார் கை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த முன் அனுமதி விதிகளில் சிலவற்றை நானே டைப் செய்திருக்கிறேன்.

பைடன் 2020 பிரசாரத்தில் வயதை 60 ஆக்குவேன் என்றார். நடக்கவில்லை. 2022 ஆகஸ்டில் வேறொரு சட்டம் வந்தது. மெடிகேரில் இருப்பவர்களுக்கு ஒரு மாத இன்சுலின் 35 டாலருக்கு மேல் போகக்கூடாது என்று அதில் ஒரு பிரிவு. தனியார் காப்பீட்டில் இருப்பவர்களுக்கும் அதே 35 டாலர் என்று இன்னொரு பிரிவு. இரண்டாவது, பட்ஜெட் மசோதாவுக்கான செனட் விதிகளுக்குள் வராது என்று விதிகளைப் பார்க்கும் அதிகாரி சொல்லிவிட்டார். அதைமீறி வைத்துக்கொள்ள 60 ஓட்டு வேண்டும். ஆகஸ்ட் 7, ஞாயிற்றுக்கிழமை ஓட்டெடுப்பு நடந்தது. குடியரசுக் கட்சியிலிருந்தே ஏழு பேர் ஆதரித்தார்கள். 57-க்கு 43. அந்தப் பிரிவை நீக்கினார்கள். 2023 ஜனவரி 1 முதல் மெடிகேரில் இருந்தால் 35 டாலர். 64 வயதுக்காரருக்கு, அவருடைய கம்பெனிக் காப்பீடு என்ன சொல்கிறதோ அது.